கடைமடையிலிருந்து தஞ்சைக்கு: ஒரு சுற்றுலாத் திட்டத்தை மறுபடி யோசித்தல்

தஞ்சாவூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து நுழைகிறார்கள். திருச்சியில் ரயிலோ விமானமோ இறங்கி, ஒரு மணி நேரம் வண்டியில் வந்து, பெரிய கோயிலைப் பார்த்து, அரண்மனையில் ஒரு சுற்றுச் சுற்றி, தலையாட்டி பொம்மை வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் கும்பகோணம் போய்விடுகிறார்கள். பார்த்த இடங்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் இது நல்ல திட்டம்தான். ஆனால் நகரம் எதனால் அங்கே எழுந்தது, எதைத் தின்று வளர்ந்தது என்ற கேள்விக்கு இதில் பதில் கிடைக்காது.

இந்தக் கட்டுரை தஞ்சைப் பயணத்தை எதிர்த்திசையிலிருந்து யோசிக்கிறது. தொடங்கும் இடம் திருத்துறைப்பூண்டி. காவிரி நீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை வட்டாரம் அது. 1991 வரை அது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 1997-இல் திருவாரூர் மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டம் இரண்டு முறை மாறினாலும் வாய்க்கால் மாறவில்லை. தஞ்சைக்கு எப்போது போவது, எந்த வழியில் போவது, எதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வாய்க்கால் வழியே விடை தேட முடியும் என்பதே இங்கே சொல்ல வந்தது.

இப்போதுள்ள வழக்கங்கள்

தஞ்சை வட்டாரப் பயணங்கள் இன்று ஏறக்குறைய நான்கு வகையாக நடக்கின்றன.

முதல் வகை தலயாத்திரை. நவக்கிரகக் கோயில்கள், நட்சத்திரக் கோயில்கள், ஆறுபடை வீட்டில் சுவாமிமலை என்று பட்டியல் போட்டு வேனில் கிளம்புவது. திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீஸ்வரர் கோயிலே அசுவினி நட்சத்திரக் கோயில் என்ற பெயரில் இந்தப் பட்டியலில் இடம்பிடித்திருக்கிறது. இந்த வகையின் பலம், ஊர் ஊராகப் போவது. பிரதான சாலையில் இல்லாத கிராமங்களை வெளியூர்க்காரர் பார்ப்பது பெரும்பாலும் இதனால்தான். குறை, எல்லாக் கோயிலும் ஒன்றாகிவிடுவது. அர்ச்சனைத் தட்டோடு நுழைந்து விபூதியோடு வெளியே வருவதற்குள் கல்வெட்டையோ சிற்பத்தையோ பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இரண்டாவது கலைப் பயணம். 1987-இல் பெரிய கோயில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் அதனுடன் சேர்க்கப்பட்டன. அதன் பிறகு இந்த மூன்றையும் இணைத்துப் பார்ப்பது ஒரு வழக்கமாகியிருக்கிறது. கட்டடக் கலை வளர்ந்த கதையைப் பின்தொடர இது சிறந்த வழி. ஆனால் மூன்றையும் ஒரே நாளில் அடைத்தால் கடைசிக் கோயிலில் கால்கள் மட்டுமே இருக்கும், கண்கள் இருக்காது.

மூன்றாவது, நாவல் வாசகரின் பயணம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. 2022-இலும் 2023-இலும் திரைப்படமாக வந்தது. அதன் பிறகு பழையாறை, கோடியக்கரை போன்ற பெயர்கள் மறுபடியும் பயணத் திட்டங்களில் தலைகாட்டின. கோடியக்கரைக்குப் போக வேதாரண்யம் வழி. அங்கே போக வசதியான சந்திப்பு திருத்துறைப்பூண்டி. நாவல் இழுத்துவரும் கூட்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கதையில் படித்த கோட்டை கண்ணில் படாதபோது ஏமாற்றம் வருகிறது, அவ்வளவே. சோழர் அரண்மனை எதுவும் இன்று தஞ்சையில் நிற்கவில்லை. நிற்பது நாயக்கரும் மராட்டியரும் கட்டியது.

நான்காவது, புதிதாக வளரும் இயற்கைப் பயணம். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கோடியக்கரை வெளிமான்கள், பூநாரைகள், வடுவூர் ஏரிப் பறவைகள் என்று போகிறவர்கள் இவர்கள். இவர்கள் தஞ்சை நகரத்துக்குள் நுழைவது அரிது. கோயிலுக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதும் அரிது.

நான்கு வகையும் ஒரே நிலத்தில் நடக்கின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. அவற்றை இணைக்கும் இழை எங்கே இருக்கிறது என்று தேடினால், பெரிய கோயிலின் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சுவரில் உள்ள கணக்கு

முதலாம் இராசராசன் 1010-இல் கட்டி முடித்த கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி நீண்ட கல்வெட்டுகள் ஓடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட இந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதில் தெளிவில்லை. கரிகாலன் கட்டியது என்ற பேச்சும் இருந்தது. 1886-இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் இந்தக் கல்வெட்டுகளைப் படித்து, கட்டியவன் இராசராசனே என்று நிறுவினார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி இந்தக் கோயிலின் கல்வெட்டுகளுக்கே ஒதுக்கப்பட்டது.

அரசனின் வெற்றிகளைப் பற்றிய வரிகள் அதில் உண்டு. பெரும்பகுதி கணக்கு. எந்த ஊர் எத்தனை கலம் நெல் அனுப்ப வேண்டும், அதை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்ற விவரம். அளவைக்கு 'ஆடவல்லான்' என்று பெயரிட்டிருந்தார்கள். கோயில் பணிக்காகச் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களைத் தஞ்சைக்குக் குடியேற்றினார்கள்; திருவாரூரிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் தரும் ஒரு பங்கும். இந்த ஓர் இனத்துக்கே 40,000 கலம். ஆட்டம் கற்பிக்கும் நட்டுவர், பாடுவோர், மத்தளம் கொட்டுவோர், கணக்கர், தச்சர், நாவிதர் பங்குகள் தனி. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அதை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் தர வேண்டும். ஈழத்து ஊர்களும் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன.

பயணியின் கண் இன்னும் கூர்மையாக நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஊர் நிலத்தை அளந்து, வரி இல்லாத பகுதிகளைக் கழிக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சத்துக்கு நெல் விதிக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு டெல்டா கிராமத்தின் வரைபடம் அந்த வரிகளில் இருக்கிறது. யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதும் இருக்கிறது. டெல்டாவில் பாறை கிடையாது. கோயிலின் கல் முழுவதும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தது. கல் வெளியிலிருந்து வந்தது, நெல் இந்த வயலிலிருந்து போனது. வயலைப் பார்க்காமல் கோயிலை மட்டும் பார்ப்பவர் செலவுக் கணக்கைப் பார்க்கிறார், வரவுக் கணக்கை விட்டுவிடுகிறார்.

எப்போது போவது

பொதுவாகச் சொல்லும் பதில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. வெயிலை மட்டும் வைத்துச் சொன்னால் சரி. தஞ்சைக் கருங்கல் தளத்தில் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் டெல்டாவின் ஆண்டு வெயிலால் மட்டும் பிரிவதில்லை, தண்ணீரால் பிரிகிறது.

மேட்டூர் அணை திறக்கும் மரபு நாள் ஜூன் 12. எல்லா ஆண்டும் அப்படி வாய்ப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் நீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாறு நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு ஆகிறது. அதன் கிளைகளில் ஒன்றான முள்ளியாறுதான் திருத்துறைப்பூண்டியைத் தொடுகிறது. தஞ்சைக்காரர் குறுவை நடவில் இறங்கிவிட்ட பிறகும் கடைமடைக்காரர் மதகுச் சட்ரஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் இந்த இடைவெளி இன்னும் நீளும்.

ஆகவே, பயணிக்கு மூன்று பருவங்கள் இருக்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் ஆறுகள் நிறைந்து ஓடும். நாற்றங்காலும் நடவும் பார்க்கலாம். வெயில் இருக்கும், கூட்டம் இருக்காது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. வயல் பச்சையாக இருக்கும்; திட்டம் எந்த நாளும் கலையலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, இந்த வட்டாரத்தின் தென்னைகளை வேரோடு சாய்த்தது. கடற்கரையைச் சேர்த்துப் போடும் திட்டத்தை இந்த வாரங்களில் வைக்காமலிருப்பது நல்லது. தை, மாசியில் சம்பா அறுவடை. நேரடிக் கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்திருக்கும், சாலையோரம் காயும், அறுவடை மெஷின்கள் ஊர் ஊராக நகரும். கோயில் சுவரில் படித்த கலம் கணக்கு என்ன என்று கண்ணால் பார்க்க இதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. கோடியக்கரையிலும் வடுவூரிலும் வலசைப் பறவைகள் தங்குவதும் இதே குளிர்காலத்தில்தான்.

விழா நாட்களைத் தேடிப் போவதா, தவிர்ப்பதா என்பது தனிக் கேள்வி. ஐப்பசி சதய விழா இராசராசன் பிறந்த நட்சத்திரத்தை ஒட்டியது. பெரிய கோயில் பேச்சும் பாட்டுமாக இருக்கும். சித்திரைத் தேர் நீண்ட காலம் நின்றுபோய் 2015-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. ஜனவரியை ஒட்டி வரும் புஷ்ய பகுள பஞ்சமியில் திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை. பிரதோஷ நாட்களில் நந்தியைச் சுற்றி நிற்கவே இடம் இருக்காது. கட்டடத்தைப் பார்க்க வருபவர் இந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும். மக்களைப் பார்க்க வருபவர் இவற்றைத் தேட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்த்தால் இரண்டுமே கிடைக்காது.

திருத்துறைப்பூண்டிக்கென்று ஒரு விழா இருக்கிறது. மே இறுதி, ஜூன் தொடக்கத்தை ஒட்டி நடக்கும் நெல் திருவிழா. 'நெல்' ஜெயராமன் ஆதிரெங்கத்தில் தொடங்கி வளர்த்தது. 174 பாரம்பரிய நெல் ரகங்களை அவர் மீட்டெடுத்தார். 2018 டிசம்பரில் மறைந்தார். விழாவுக்கு வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்ற பெயர்களைக் கடையில் பாக்கெட்டில் மட்டும் பார்த்தவர்களுக்கு, அவை கைமாறும் இடத்தைப் பார்ப்பது வேறு அனுபவம். வெயிலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் இதற்காகவே ஒரு பயணம் வைக்கலாம்.

எந்த வழியில் போவது

சென்னையிலிருந்து வருபவருக்குத் திருத்துறைப்பூண்டி இப்போது முன்னைப் போலத் தொலைவில்லை. திருவாரூர்–காரைக்குடி பாதையை மீட்டர் கேஜிலிருந்து மாற்றும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது இந்த ஊர் ரயில் இல்லாமல் கிடந்தது. 2019-இல் பாதை திறந்தது. 2023 ஏப்ரல் 8 அன்று தாம்பரம்–செங்கோட்டை விரைவு ரயிலும், திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி ரயிலும் ஒரே நாளில் தொடங்கின. எல்லா ரயிலும் தினசரி ஓடுவதில்லை. ஆகவே தேதியை முடிவு செய்வதற்கு முன் கால அட்டவணையைப் பார்ப்பது முதல் வேலை. ரயில் பொருந்தாவிட்டால் திருவாரூரோ மன்னார்குடியோ இறங்கி, அரை மணி ஒரு மணி நேரப் பேருந்தில் வந்துவிடலாம்.

இங்கிருந்து தஞ்சைக்கு இரண்டு வழி. திருவாரூர் போய் அங்கிருந்து ரயிலில் நீடாமங்கலம் வழியாகப் போவது ஒன்று. மன்னார்குடி, வடுவூர் வழியாகப் பேருந்திலோ காரிலோ போவது மற்றொன்று. அவசரமில்லாதவருக்கு இரண்டாவது வழியே சிறந்தது. முள்ளியாற்றில் தொடங்கி வடவாறு வரை, நீர் வந்த திசைக்கு எதிராக அது போகிறது.

புறப்படுவதற்கு முன் திருத்துறைப்பூண்டியில் ஒரு நாள் தங்குவது வீணாகாது. பிறவி மருந்தீஸ்வரர் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடலாம். ஊரிலேயே பி. சீனிவாசராவ் நினைவிடம் இருக்கிறது. கன்னட நாட்டிலிருந்து வந்து, 1940-களில் கீழத்தஞ்சைப் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியவர் அவர். சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் இந்த வயல்களில் தண்டனையாக இருந்த காலம் அது. 1961-இல் இறந்தார். நேரம் இருப்பவர்கள் கீழ்வெண்மணிக்கும் போகலாம். 1968 டிசம்பர் 25 இரவு கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட ஊர் அது. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சுற்றுலாத் திட்டத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். பெரிய கோயில் கல்வெட்டில் சேரிகளைத் தனியாக அளந்த வரியைப் படிக்கப் போகிறவர், அந்தச் சேரிகள் இருபதாம் நூற்றாண்டில் என்ன ஆயின என்று தெரிந்துகொண்டு போவது நியாயம்தான்.

மன்னார்குடியில் இராசகோபாலசுவாமி கோயில். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் தொடங்கி, நாயக்கர் காலத்தில், குறிப்பாக விசயராகவ நாயக்கரால், இன்றைய அளவுக்கு விரிந்தது. அதன் மதில் அழகுக்கு டெல்டாவில் ஒரு சொலவடையே உண்டு. அருகிலுள்ள அரித்திராநதி பேரில் நதி, உண்மையில் இருபது ஏக்கருக்கும் மேற்பட்ட குளம். தஞ்சை நாயக்கரைப் புரிந்துகொள்ள மன்னார்குடி நல்ல முன்னுரை. அடுத்து வடுவூர். கோதண்டராமர் கோயிலும் ஏரியும் சாலையை ஒட்டியே இருக்கின்றன. ஏரிக்கு நீர் தருவது தஞ்சையைத் தொட்டு வரும் வடவாறு. 1999-இல் பறவைகள் சரணாலயமாகி, 2022-இல் ராம்சர் ஈரநிலமானது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உதயமார்த்தாண்டபுரமும் அதே ஆண்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பாசனத்துக்கு வெட்டிய ஏரிகள் இன்று பன்னாட்டு ஈரநிலங்களாக இருப்பது, கோயில் மட்டுமே மரபுச் சின்னம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் அசைக்கும்.

நகரத்துக்குள்

காலையில் கிளம்பி இப்படி நின்று நின்று வந்தால் பிற்பகலில் தஞ்சை சேரலாம். வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் புதிய பேருந்து நிலையத்தில் நிற்கும். அது நகரத்துக்கு வெளியே. கோயிலும் அரண்மனையும் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கம். இரண்டுக்கும் இடையே டவுன் பஸ் அடிக்கடி உண்டு. இரண்டு இரவு தங்குகிறவர் பழைய நிலையத்துப் பக்கம் அறை எடுத்தால் ஆட்டோ செலவு மிஞ்சும்.

பெரிய கோயிலை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரை வற்புறுத்தும் ஒரே நிபந்தனை. வந்த நாள் மாலை ஒரு முறை, மறுநாள் விடியலில் ஒரு முறை. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இந்தப் பிரிப்பு இயல்பாகவே அமைகிறது. மாலையில் விமானத்தின் மேற்குப் பக்கம் வெயில் விழும். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து புல்வெளியில் உட்கார்ந்திருப்பார்கள். அது நகரத்தின் பூங்காவாகவும் இருப்பதைப் பார்க்கும் நேரம். காலையில் கேரளாந்தகன் வாசல், இராசராசன் வாசல் வழியாக நுழைந்தால் கிழக்கு வெயில் நேரே விழும். கல்வெட்டு எழுத்துகள் சாய்ந்த ஒளியில் தெளிவாகத் தெரியும். கருவறைத் தரிசனத்தை முதலில் முடித்துக்கொண்டு, பிறகு அடித்தளத்தை வலமாகச் சுற்றிக் கல்வெட்டுகளைப் பார்ப்பது நல்ல வரிசை.

ஒரே வளாகத்தில் ஐந்து காலங்கள் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்தால் பார்வை கூர்மையாகும். விமானம் சோழர். அம்மன் சந்நிதி பாண்டியர் காலம். பெரிய நந்தியும் சுப்பிரமணியர் கோயிலும் நாயக்கர். மராட்டிய போன்சலே வம்ச வரலாறு 1803-இல் மராத்தியில் வெட்டப்பட்டு மதில் பக்கம் நீள்கிறது. பலரும் அதைக் கவனிக்காமலே நடந்துவிடுகிறார்கள். இன்றைய மின்விளக்கும் வேலியும் தொல்லியல் துறையுடையவை. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் உண்டு. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் அவை மறைந்திருப்பதை 1931-இல் ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதற்கு மேல்தளத்தில் 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டு, மீதி வெறும் கல்லாக நிற்கிறது. இரண்டும் பொதுமக்களுக்குத் திறந்தவை அல்ல. கோயில் வளாகத்து விளக்கக் கூடத்தில் படங்களைப் பார்க்கலாம். முன்பே இது தெரிந்தால் ஏமாற்றம் குறையும்.

அரண்மனை வளாகத்துக்கு ஒரு முழு முற்பகல் வேண்டும். பல நிறுவனங்கள் அங்கே தனித்தனியாக இயங்குகின்றன. நுழைவுச் சீட்டும் தனித்தனி, விடுமுறையும் தனித்தனி. போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். நேரம் குறைவு என்றால் இரண்டை விடவே கூடாது. ஒன்று 1951-இல் தொடங்கிய கலைக்கூடம். திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர் அங்கே இருக்கிறார். 1011-இல் வார்த்த செம்பு. எருது இல்லாமலே எருதின் மேல் சாய்ந்து நிற்கும் கை. பெரிய கோயில் முடிந்த மறு ஆண்டில் அதே கைகளின் காலத்தில் செய்தது என்று நினைத்துப் பார்த்தால், கல்லில் பார்த்தது உலோகத்தில் தொடர்வது புரியும். இன்னொன்று சரசுவதி மகால் நூலகம். நாயக்கர் தொடங்கி, இரண்டாம் சரபோஜி வளர்த்து, 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. பல்லாயிரம் சுவடிகள். அருங்காட்சியகப் பகுதி சிறியதுதான். ஆனால் ஆட்சி அதிகாரம் பெரும்பாலும் ஆங்கிலேயரிடம் போன பிறகு, 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த ஒரு மன்னர் என்ன செய்யலாம் என்பதற்கு அது ஒரு பதில். சரபோஜியின் ஆசிரியர் சுவார்ட்ஸ் பாதிரியார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் 1779-இல் கட்டியது. அதனுள்ளே பளிங்குச் சிற்பம் ஒன்றில், பாதிரியாரின் மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்கிறார். செய்தவர் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மன்.

இவற்றைத் தாண்டியும் நகரம் இருக்கிறது. நடன ஆசான்களான தஞ்சை நால்வர் வாழ்ந்த மேல ராஜ வீதி, 1911-இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கம், வீணை செய்யும் பட்டறைகள். பொம்மையும் தஞ்சாவூர்த் தட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நெட்டியில் செய்த கோயில் மாதிரிகளைப் பார்த்து வாங்குவது தனி. அது குளத்தோரம் வளரும் ஒரு நீர்ச்செடியின் தண்டு. தண்ணீர் நிலத்தின் கைவேலை.

கதைகளும் சான்றுகளும்

வழிகாட்டிகள் சொல்லும் சில கதைகளை முன்கூட்டியே பிரித்துவைக்கலாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது நெடுநாள் கதை. வெயில் சாய்ந்த நேரத்தில் நிழல் புல்வெளியில் நீளமாகக் கிடக்கும், யாரும் சரிபார்க்கலாம். உச்சியில் உள்ள சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் அப்படித்தான். அது பல கற்களை இணைத்துச் செய்தது. சுமார் 216 அடி உயரத்துக்குக் கல் ஏற்றியது வியப்பே. அந்த வியப்புக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை.

கதை சொல்பவரைச் சிறுமைப்படுத்தவும் வேண்டாம். ஒரு நல்ல வழிகாட்டியை அடையாளம் காண எளிய வழி, கல்வெட்டில் ஒரு வரியைக் காட்டிப் படிக்கச் சொல்வது. படிப்பவர் கிடைத்தால் மற்றதையெல்லாம் அவரிடமே விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் குடவாயில் பாலசுப்ரமணியன் எழுதிய 'இராஜராஜேச்சரம்' போன்ற நூலை ஊருக்குக் கிளம்பும் முன்பே படித்துவிடுவது நல்லது. கையில் புத்தகத்தோடு வெயிலில் நின்று படிப்பது யாருக்கும் ஆகாத காரியம்.

நாட்களைப் பங்கிடுதல்

மேலே சொன்னதையெல்லாம் சேர்த்தால் நான்கு நாள் திட்டம் ஒன்று உருவாகிறது.

முதல் நாள் கடைமடை. காலையில் அகஸ்தியம்பள்ளி, வேதாரண்யம், கோடியக்கரை. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளியது அகஸ்தியம்பள்ளியில்; திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள். உப்பளங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. நீர் முடிந்து கடல் தொடங்கும் இடம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு மாலையில் திருத்துறைப்பூண்டி. கடல் வேண்டாம், காடு வேண்டும் என்பவர்கள் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதியோடு படகில் போகலாம்.

இரண்டாம் நாள் மன்னார்குடி, வடுவூர், மாலையில் பெரிய கோயில். மூன்றாம் நாள் விடியலில் மறுபடி பெரிய கோயில், முற்பகலில் அரண்மனை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வு, மாலையில் தேவாலயமும் ராஜ வீதிகளும். நான்காம் நாள் திருவையாறு, கல்லணை. திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடாமல் வருவது ஊர் வழக்கம் இல்லை. கல்லணையில், முதல் நாள் கடலோரம் முடிந்த தண்ணீர் பிரியத் தொடங்கும் இடத்தைப் பார்க்கலாம். கரிகாலனோடு சேர்த்துச் சொல்லப்படும் அணை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அதன் அடித்தளத்தைக் கற்றுப் பாராட்டி, அந்த அறிவைத் தன் அணைகளில் பயன்படுத்தினார். அங்கிருந்து திருச்சி பக்கம். ஊருக்குத் திரும்ப ரயில் தாராளம்.

இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் கடலையும் கல்லணையையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள இரண்டு நாளை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நாள் என்றால் பெரிய கோயிலும் கலைக்கூடமும் போதும். மூன்றாவதைச் சேர்க்காமலிருப்பதுதான் அந்த நாளின் திறமை. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் இந்தத் திட்டத்தில் இல்லை. அவற்றுக்குக் கும்பகோணத்தில் தங்கி வேறொரு பயணம் வைப்பதே மரியாதை. திருவாரூர்த் தியாகராசர் கோயிலைத் தவறவிட மனமில்லாதவர் முதல் நாளுக்கு முன் ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளலாம். கோயிலளவு அகன்ற கமலாலயக் குளமும், தேவாசிரிய மண்டபக் கூரையில் முசுகுந்தன் கதை ஓவியமும் அதற்குத் தகுதி உடையவை.

முதியவரோடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேருந்தில் ஏறி இறங்கி இந்த வழியை முடிக்க நினைக்க வேண்டாம். இரண்டாம் நாளுக்கு மட்டுமாவது ஒரு கார் வைத்துக்கொள்வது நல்லது. இளைஞர்களுக்குப் பேருந்தே சிறந்தது. மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் விவசாயி, தண்ணீர் எங்கே நிற்கிறது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று சொல்வார். எந்த வழிகாட்டி நூலிலும் அது இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை

இது நேரத்தை வீணாக்கும் திட்டம் என்று ஒருவர் வாதிடலாம். திருச்சி வழியில் அரை நாளில் போய்ச்சேரும் இடத்துக்கு, சுற்றி வளைத்து இரண்டு நாள் எதற்கு? தங்கும் வசதியும் திருத்துறைப்பூண்டியில் தஞ்சையளவு கிடையாது. இரண்டும் உண்மை. குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு வசதியான அறை முக்கியம் என்றால், தஞ்சையிலேயே தங்கி, ஒரு நாள் காரில் திருத்துறைப்பூண்டி வரை போய் வரலாம். வரிசை மாறும், பொருள் கெடாது.

வயலைப் பார்க்கவென்று போவது கிராமத்தைக் காட்சிப் பொருளாக்கும் என்பது இன்னும் கூர்மையான வாதம். அறுவடை வயலில் இறங்கிப் படம் எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். வயல் வேலைத்தளம், கேட்காமல் இறங்கக் கூடாது, வேலை செய்பவரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வரப்பில் நின்று பேசினாலே போதும். கோயிலில் செருப்பைக் கழற்றுகிற பண்பு வயலுக்கும் பொருந்தும்.

இந்த வாதங்களை எடைபோட்டாலும் முடிவு மாறவில்லை. தஞ்சையை ஒரு தனி நகரமாக நினைத்துத் திட்டமிட்டால் ஒரு பெரிய கோயிலும் ஓர் அரண்மனையும் மிஞ்சும். அதைத் தன் வாய்க்கால்களோடு சேர்த்துத் திட்டமிட்டால், அந்தக் கோயில் ஏன் அவ்வளவு பெரிதாக முடிந்தது என்ற கேள்விக்கும், அதற்கு நெல் தந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கும் வழியிலேயே விடை கிடைக்கத் தொடங்கும். ஆகவே அடுத்த முறை தஞ்சைக்குத் தேதி குறிக்கும்போது ரயில் அட்டவணையோடு மேட்டூர் அணை நீர்மட்டத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணத்தில் ஆறு ஓடுமா என்பதை அதுதான் சொல்லும்.